தம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

கிளியூர்ப் பக்கம் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியே அந்தப் புளித்த வாடை வந்தது, காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவிவிட்ட தண்ணீரின் வாடை. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நினைப்பில், எஸ்டேட் கூலிக்காரர்களுக்கான எங்கள் பழைய லைன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

மேலே எஸ்டேட்காரர்கள் ஓடையை மறித்து அணை கட்டிய பிறகு, மழை நின்றதும் எங்கள் பக்கம் வெறும் கல்தான் கிடக்கும். தை மாதம் பழம் உரிக்கும்போது மட்டும் மெஷினுக்குள் போய் வந்த தண்ணீர் பழுப்பாக, நுரையும் வழுவழுப்புமாக இறங்கும், அதைக் குடத்தில் பிடித்து, பழம்புடவையில் வடிகட்டி, தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்தால் நிறம் போகும், வாடை போகாது. காப்பிக்கு நல்ல தண்ணீர், எங்களுக்குக் காப்பி கழுவிய தண்ணீர்.

அப்படியொரு தையில்தான் பச்சைக் குழந்தையாயிருந்த தம்பிக்கு மூச்சு இழுத்தது. கோயிலுக்குத் தூக்கிப்போக நேரமில்லை. சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். வீட்டில் இருந்தது அந்தத் தண்ணீர்தான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேர் சொல்லி அம்மா அதையே அவன் நெற்றியில் ஊற்றினாள்.

அடக்கம் முடிந்ததும் குடத்தில் மிச்சமிருந்ததை ஒரு புட்டியில் ஊற்றிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள்.

"ஏனுங்க சாமி, இது தண்ணியாச் செல்லுமுங்களா? எம் புள்ள மோச்சத்துக்குப் போயிருப்பானுங்களா?"

சாமியார் மூடியைத் திறந்தார். சட்டென்று அவர் முகம் திரும்பியது. அப்புறம்தான், "செல்லும்மா" என்றார்.

அந்தச் சொல் அம்மா காதில் விழவேயில்லை. முகம் திரும்பியதைத்தான் பார்த்தாள். சாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.