முதல் பெட்டியும் அக்காவின் கையும்

கண்டெய்னர் தொழிலில் இருப்பவனுக்கு இரண்டே கவலைதான்: ஒன்று, பெட்டி இன்னும் வரவில்லை; இரண்டு, பெட்டி வந்துவிட்டது.

அடுத்தவர் சரக்குக்காக ரத்தக்கொதிப்பை வளர்த்து வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேலம் சூரமங்கலத்தில், டவுன் பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டே திரும்புகிற ஒரு முக்கில், மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்குப் பெட்டி பிடித்துக் கொடுத்து, லோடு ஏற்றிப் பூட்டி, தூத்துக்குடியில் கப்பல் ஏறும்வரை பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. மேனேஜர் ஸ்டெல்லா மேடம் ஏ.சி.யில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். அமல்ராஜ் ஆகிய நான் வெயிலில் நின்று பார்த்துக்கொள்வேன். பதினோரு வருடமாக நிற்கிறேன். அதில் பரமத்தி வேலூர் தங்கவேலு அண்ணனின் ஒரே ஒரு பெட்டிக்காக நின்ற கதையை மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் கேட்க உங்களுக்கும் தெம்பு வேண்டாமா?

உலகம் முழுக்க ஒரே அளவு

தங்கவேலு அண்ணன் வாழை விவசாயி. வியாபாரி கேட்ட விலைக்குத் தாரை வெட்டிக் கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போய், தன் பேரிலேயே துபாய்க்கு வாழைக்காய் அனுப்பப் போகிறேன் என்று கிளம்பியவர். அவர் பேச்சை நம்பிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எட்டுப் பேர் வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தாரை மரத்திலேயே விட்டு வைத்திருந்தார்கள். "இது மட்டும் கெட்டுப்போச்சுன்னா, அந்த எட்டுப் பேரு மூஞ்சில நான் எப்படீங்க முழிக்கறது?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் தைரியம் சொன்னேன். தைரியம் சொல்லத்தானே எனக்குச் சம்பளம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கண்டெய்னரைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். "அண்ணே, இந்த நாற்பதடிப் பெட்டி உலகம் முழுக்க ஒரே அளவு. இங்க லாரியில ஏறும், அங்க கப்பல்ல ஏறும், துபாய்ல இறங்கி இன்னொரு லாரியில ஏறும். எங்கேயும் இடிக்காது, எங்கேயும் மாட்டாது." அவர் வாயைப் பிளந்து கேட்டார். மறுநாள் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். ஊர் எல்லையிலேயே அவர் அப்பா பேரில் கட்டிய வரவேற்பு வளைவு நின்றது. அதற்குள் டிராக்டர் போகும், கரும்பு வண்டி போகும். ட்ரெய்லர் மேல் உட்கார்ந்த குளிர்பெட்டி மட்டும் ஜென்மத்துக்கும் போகாது. கடைசியில் மெயின் ரோட்டோரம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில் களத்தில் லோடு ஏற்றுவது என்று முடிவானது. வளைவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்ற தங்கவேலு அண்ணன் மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, உலகத்துக்கே ஒத்துவர்ற அளவுங்கறீங்க, எங்க ஊரு உலகத்துல சேத்தி இல்லீங்களா?"

பெட்டிக்குப் பேர் சூட்டு விழா

லோடு ஏற்றுகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே பெட்டி வந்துவிட்டது. டிரைவர் சேகர் சங்ககிரிக்காரர், பேச்சைவிடக் கொட்டாவி அதிகம் விடுவார். நான் பஸ் பிடித்து எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால், வெள்ளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஏணி சாத்தியிருக்கிறது. ஏணி மேல் பெயிண்டர். 'காவேரித் தாய் துணை' முடிந்து, அதற்குக் கீழே சிவப்பில் 'தங்கவேலு அன்' வரை வந்திருந்தது. 'கோ' மட்டும்தான் பாக்கி.

ஓடிப்போய் பெயிண்டரைக் கீழே இறங்கச் சொன்னேன். பெட்டி கப்பல் கம்பெனியுடையது. துபாயில் இறக்கினால் அங்கிருந்து எந்த நாட்டு மீனையோ மாட்டுக்கறியையோ ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்விடும், இந்த ஜென்மத்தில் வேலூர் திரும்பாது. இதை நான் விளக்க விளக்க அண்ணனின் முகம் வாடியது. புது லாரி எடுத்தால் முதல் வேலையாகப் பேர் எழுதுகிற ஜில்லாவில் பிறந்தவரிடம் என்னத்தைச் சொல்ல? தின்னர் வாங்கிவந்து துடைத்தோம். சிவப்பு போனது, காவேரித் தாய் லேசாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தாள். நான் வியர்த்து விறுவிறுத்துத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே பல் குச்சியைக் கடித்தபடி சேகர் சொன்னார்:

"விடுங்க சார், தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் துபாய்ல நாலு பேரு இருப்பான், கும்பிட்டுட்டுப் போறான்."

கைராசிக்கு வெயிட்டிங்

துடைத்து முடித்தும் லோடு ஆரம்பிக்கவில்லை. வாழைக்காய் அட்டைப்பெட்டிகள் அடுக்கித் தயாராக இருந்தன. ஆட்கள் தயாராக இருந்தார்கள். தங்கவேலு அண்ணனோ ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்தால், அவர் அக்கா சேலத்தில் ஏற்காடு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாராம். "எங்கக்காளுக்குக் கைராசிங்க. போர் போட்டப்ப அவங்கதான் மொதக் கல்லு எடுத்து வெச்சாங்க, தண்ணி பீச்சிட்டு அடிச்சுது. மொதப் பெட்டி அவங்க கையாலதான் வெக்கோணும்."

"அண்ணே, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பெட்டி துறைமுகத்துக்குள்ள நுழையணும். நுழையலேன்னா கப்பல் போயிடும். கப்பல் கம்பெனிக்காரன் கைராசி எல்லாம் பார்க்க மாட்டான்" என்றேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினேன் பாருங்கள். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது என்று நான் பயமுறுத்திய பிறகுதான் மனிதர் அசைந்தார். பைபிளைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது என்று ஞானஸ்நானம் பெற்றவன் நான். வேலைக்கு ஆகும் என்றால் ராகுவையும் துணைக்குக் கூப்பிடுவேன். பத்து இருபதுக்கு முதல் அட்டைப்பெட்டியை அவரே தூக்கி வைத்தார்.

ஒன்றரை மணிக்கு லோடு முடிந்தது. கதவை அடைத்து, இரும்பு சீலைப் போட்டேன். ஒவ்வொரு சீலுக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரும் காகிதத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் துறைமுகத்தில் உள்ளே விடுவார்கள். சேகர் ஜெனரேட்டரைப் போட, குளிர் மிஷின் உறுமியது. பச்சை வாழைக்காய்க்குப் பதிமூன்று டிகிரி. எட்டிப் பார்த்தேன், பதிமூன்று என்று இருந்தது. செக்லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டு, சீல் நம்பரை மேடத்துக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"நம்பர் ஏத்தியாச்சு அமல், இனிமே அந்தக் கதவுல ஈகூட உட்காரக் கூடாது, சொல்லிட்டேன்."

அக்கா வந்தாச்சு

அண்ணன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. போகாவிட்டால் வருத்தப்படுவார்கள் என்று போனேன். பசிக்கவும் செய்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை ரசம் வாங்கும்போது வெளியே யாரோ அண்ணனைக் கூப்பிட, அவர் "இதோ வாரேனுங்க, நீங்க நெதானமா உண்ணுங்க" என்று போனார். நான் நிதானமாக உண்டேன். அதுதான் தப்பு.

களத்துக்குத் திரும்பினால் பெட்டியின் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது! கீழே என் சீல் இரண்டு துண்டாக. பக்கத்து லாரி பாடி பட்டறையில் கட்டர் இரவல் வாங்கி அண்ணனே வெட்டியிருக்கிறார். சேகர் கேபினுக்குள் குறட்டை விடுகிறார். ஓர அட்டைப்பெட்டி ஒன்றைக் கீழே இறக்கி, அதை மறுபடி ஏற்றுவதற்காக ஏணிமேல் நிற்கிறார் அறுபது வயது அம்மாள் ஒருவர். கொண்டப்பநாயக்கன்பட்டி வந்து சேர்ந்துவிட்டது.

நான் கத்தினேன். மாதாவே, எப்படிக் கத்தினேன்! "உங்களுக்கு மூளை இருக்காண்ணே? சீலை வெட்டினா பெட்டியே செல்லாதுண்ணே! எட்டுப் பேரு தோட்டம்னு அழுதீங்களே, எட்டுப் பேரு தலையிலயும் கல்லைப் போட்டுட்டீங்களே!" அண்ணன் கட்டரைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். "பஸ்ஸு நாமக்கல்ல பஞ்சர் ஆயிருச்சாமுங்க. அக்கா இத்தன தூரம் வந்து, நீ வெச்சுட்டயான்னு ஒத்த வார்த்த கேட்டாங்க... தாங்கலீங்க" என்றார். நான் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் ஏணியில் நின்றபடியே, கதவோரம் நீட்டிய கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கத்தறத அப்பறம் கத்திக்குங்க சாமி, மொதல்ல இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க."

பதிமூன்றும் பதிமூன்றும்

வைத்தேன். விரல் விறைத்தது. பதிமூன்று டிகிரிக் காற்று இப்படிக் கடிக்காது. "வாழக்காயி ஏற்காட்டுக் குளிரையே தாங்காதுங்க, இது என்னமோ ஐஸ் வெக்கற பொட்டி மாதரயல்ல இருக்குது?" என்றார் அக்கா. நான் ஓடிப்போய் மிஷின் முன்னால் நின்றேன். பதிமூன்றுதான் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடும் இருந்தது. மைனஸ் பதிமூன்று.

பெட்டி கொடுத்த யார்டில் எவனோ முந்தைய மீன் லோடு நினைப்பில் அமுக்கியிருக்கிறான். அவன் அமுக்கட்டும், அதைப் பார்க்கத்தானே நான் இருக்கிறேன்? பார்த்தேன், கையெழுத்தும் போட்டேன். அக்கா மட்டும் வராமல் இருந்திருந்தால், பூட்டிய பெட்டிக்குள் காய் விடிய விடிய உறைந்து, தூத்துக்குடி போய்ச் சேரும்போதே கரிக்கட்டையாகியிருக்கும். அந்த எட்டுப் பேரும் தங்கவேலு அண்ணனைத்தான் கேட்டிருப்பார்கள், என்னையல்ல. எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நிமிஷம் முன்னால் மூளை இருக்கிறதா என்று கேட்ட வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிஷினில் அந்த மைனஸ் கோட்டை எடுத்தேன். நடுக்காய்களைத் தொட்டுப் பார்த்தோம், இன்னும் வெயில் சூடுகூட ஆறவில்லை, பிழைத்தது. மேடத்துக்குப் போன் போட்டு, கஸ்டமர் சீலை வெட்டியதையும் நான் கோட்டை விட்டதையும் சேர்த்தே சொன்னேன். எதிர்முனையில் டிராயரை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

"புது சீலைக் கரூர் பஸ் கண்டக்டர்கிட்டக் கொடுத்து விடறேன், காகிதத்தை மாத்தறேன், உன்னைத் திட்டறதுக்கு இப்ப டைம் இல்ல அமல், திங்கட்கிழமை வா."

யார் கைராசி

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கரூர் பஸ்ஸாக ஏறி இறங்கி, நாலாவது பஸ்ஸின் கண்டக்டர் பையில் இருந்து சீலை வாங்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அக்கா தன் அட்டைப்பெட்டியை வைத்து, கதவில் சந்தனமும் வைத்திருந்தார். அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தடவை கதவை அவரே தள்ளி மூடினார். ஐந்து மணிக்கு சேகர் வண்டியை எடுத்தார். மறுநாள் பதினொன்றே முக்காலுக்குப் பெட்டி துறைமுக கேட்டுக்குள் நுழைந்ததாக அவர் போன் செய்தபோது, நான் வீட்டு வாசலில் நின்றபடியே மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

காய் பச்சை மாறாமல் துபாய் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் அடுத்த பெட்டி எப்போது என்று கேட்டுவிட்டார். தங்கவேலு அண்ணன் ஒரு தாரைத் தோளில் போட்டுக்கொண்டு சூரமங்கலம் மாடி ஏறி வந்தார். அந்த எட்டுப் பேரும் இப்போது பதினாலு பேராம். மேடம் தாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அண்ணன் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில் சொன்னார்:

"எங்கக்கா கைராசிய ஊரு பூராம் சொல்லிட்டேனுங்க, உங்க கைராசிய மட்டும் நானு யாருகிட்டயும் சொல்லலீங்க தம்பி."

இப்போதெல்லாம் யாருடைய முதல் பெட்டி என்றாலும், குளிர் எத்தனை என்று மூன்று தடவை பார்த்த பிறகு, "வர வேண்டிய அக்கா யாராவது பாக்கி இருக்காங்களா?" என்று நானாகவே கேட்டுவிட்டுத்தான் சீல் போடுகிறேன்.