பன்னிரண்டு மர அரணைகள்

விலங்குக் காட்சிசாலையின் அரணைக் கூடத்தைத் துடைக்கும்போது, ஒருநாள் என் கை தவறி விளக்கின் கண்ணாடி மூடி உடைந்தது. விசாரித்தபோது ஒருவர், "நான்தான் சார் உடைச்சேன்" என்று சொல்லிவிட்டார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே தீனி போடுபவர் அவர். வாய் திறக்காத ஆள் என்பதால் எல்லோரும் 'கமுக்கம்' என்பார்கள். நான் மட்டும் 'அண்ணே' என்று கூப்பிடுவேன்.

மர அரணை, சுவரோரம் ஓடும் அரணையைப் போலத்தான். ஆனால் மரத்திலேயே குடியிருக்கும். எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும். பட்ட மரம் ஒன்றை நட்டு, கண்ணாடிக்குள் பன்னிரண்டு விட்டிருந்தார்கள். அண்ணன் நடுப்பகலில் எண்ணிப் பலகையில் எழுதுவார்.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் காலை எட்டு மணிக்கு எண்ணினார். ஏழுதான்.

"மீதி எங்கய்யா?"

"பொந்துல இருக்கும் சார். வெயில் ஏறினா வரும்."

"அதுக்குள்ள எங்கேர்ந்தாவது கொண்டாந்து விட்டுடலாம்னு பாக்குறியா? என் காதுல என்ன பூவா இருக்கு?"

தினமும் இதே கதை. வெளியே விற்கிறார் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, அவர் பையைப் பார்க்கச் சொன்னார். ஆண்டவன் மன்னிக்கட்டும், எனக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. பை ஏன் எப்போதும் உப்பியே இருக்கிறது? அவர் கை கழுவப் போனபோது திறந்தேன். மாற்றுச் சட்டை, துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு. நிமிர்ந்தால் வாசலில் அண்ணன்.

"அடியிலயும் பாத்துக்கம்மா" என்றார்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டும் கண்ணில் படாவிட்டால் வேலை போகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று பார்த்து மேகமூட்டம்.

"மரத்தைத் தட்டினா வெளிய வந்துடுமேண்ணே" என்றேன் மெதுவாக.

"மிரண்டா வாலை உதறிடும். ஒண்ணு முட்டை வேற போட்டிருக்கு. விடு."

ஐந்துதான் தெரிந்தன. உடுப்பைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி, காகிதம் தயாராகும்வரை அலுவலகத்தில் அவரை உட்கார வைத்தார்கள்.

பதினோரு மணிக்கு வெயில் வந்தது. ஒவ்வொன்றாகத் தலைகீழாக இறங்கின. மூன்று தடவை எண்ணிவிட்டு ஓடினேன். வெளிவாசலில் அவரைப் பிடித்தேன்.

"பன்னெண்டும் இருக்குண்ணே. வாங்க, சார்கிட்ட நானே சொல்றேன்."

அவர் திரும்பி அலுவலகச் சன்னலைப் பார்த்தார். உள்ளிருந்து யாரோ எங்களைக் கவனிப்பது தெரிந்தது.

"சொன்னா நீயும் கூட்டுன்னுவாங்க. நாளைக்கு எட்டு மணிக்கு மறுபடி ஏழுதான் இருக்கும். தள்ளி நில்லும்மா, பாக்குறாங்க."