சீமாட்டியின் மேசைக்கு அடியில்

நீங்கள் நம்புவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராயபுரத்தில் அந்த மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நாங்கள் போட்டது பிரெஞ்சு நாடகம். அந்த ஊரில் ராஜா ஆண்ட காலத்தில், பெரிய மனிதர்களை அவர்கள் முன்னாலேயே கிண்டல் செய்து எழுதியது. கதை சின்னது. ஒரு சீமாட்டியின் வீட்டுக்குப் பிரபுக்கள் வருவார்கள். ஒருவரை ஒருவர் வாயாரப் புகழ்வார்கள். யாராவது எழுந்து போனால், மிச்சம் இருப்பவர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதையாம். எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

டைரக்டர் பிராங்கிளின் அண்ணன். பாண்டிச்சேரியில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். அதிலிருந்து 'ர' சொல்லும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவார். கழுத்தில் ஒரு துண்டு, மே மாத வெயிலிலும். பிரபு வேஷமும் அவருக்கே. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். பிரபுக்களை எங்கள் பாஷையில் பேசவிட்டார். தலையில் பொய்முடி, கையில் விசிறி, வாயில் "இன்னா பிரபு, சோக்கா கீறீங்க!" காசிமேட்டில் போட்டபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பொய்முடி மட்டும் கிழிந்த நைலான் வலையைப் பிரித்துச் செய்தது. எவ்வளவு பவுடர் போட்டாலும் பிரபுக்கள் மேல் மீன் வாடை போகவில்லை.

சீமாட்டி நான். கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற கீர்த்தி. வேலைக்காரி வேஷம் ரமாபாய்க்கு. யார்டிலும் அவள் எனக்குப் பக்கத்து நாற்காலி. சோற்றைக் கூட ஒரே டப்பாவில் தின்கிறவர்கள் நாங்கள்.

எல்லோருக்கும் ஷிப்டு வேலை. வசனம் மனப்பாடம் செய்ய நேரம் ஏது? அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். மேடை நடுவில் ஒரு மேசை, தரை வரை தொங்கும் சிவப்புத் துணி. உள்ளே சுப்புராயன் மாமா, கையில் டார்ச்சும் வசனத் தாளும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் பாவாடை ஓரத்தை லேசாக இழுப்பார். இழுத்தால் என் முறை. அடிக்குரலில் வசனம் வரும். காதில் விழுந்ததை அப்படியே வாயில் விட வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் வேகம் போய்விடும். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி பழகியிருந்தது.

அன்றைக்கு முன்வரிசையில் நிஜப் பெரிய மனிதர்கள். எண்ணூர் பக்கத்து முதலாளி ஒருவர், அவர் சம்சாரம், அவர்களைச் சுற்றிச் சிரிப்பதற்கென்றே வந்த நாலு பேர். அவர்களுக்குப் பிடித்தால் பட்டணத்தின் தெற்கே, பெரிய சபாவில் நாடகம். அந்த மேடைக்காக நான் இரண்டு முறை கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டிருந்தேன். வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"சபாவுலயும் நீதான் சீமாட்டி. அந்தோணியார் மேல சத்தியம்" என்றார் அண்ணன். நான் நம்பினேன்.

முதல் பாதி பிரமாதம். முன்வரிசை குலுங்கியது. ஒவ்வொருவரும் பக்கத்துச் சீட்டைத்தான் கிண்டல் செய்கிறோம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இடைவேளை முடிந்து திரை ஏறியபோது மணி ஏழு நாற்பது.

பாவாடை ஓரம் இழுபட்டது.

ஈரமாக இருந்தது.

துணி கணுக்காலில் ஒட்டியது. மாமா கை கழுவிவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

குரல் வந்தது. மாமாவுக்குக் கரகரத்த குரல். இது வேறு... வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். சொன்னதைச் சொன்னேன்.

"ரமா, சபாவுல நீதான் சீமாட்டி."

கொல்லென்று சிரிப்பு.

இழுப்பு.

"கீர்த்தி பேச்சு காசிமேட்டுக்கு சிரிப்பு. அங்க கலீஜு."

மறுபடியும் சிரிப்பு. முதலாளியம்மா கைதட்டினாள்.

இழுப்பு.

"அவளாண்ட சொல்லாத."

முதலில் என் வாய் சொன்னது. அப்புறம்தான் காது கேட்டது. அதற்கும் அப்புறம்தான் புத்திக்கு எட்டியது.

கீர்த்தி என்பது நான்.

ரமாபாய் கோப்பைத் தட்டோடு என் பக்கம் திரும்பினாள். அண்ணன் விசிறிக்குப் பின்னால் பல்லைக் கடித்தார்.

"இன்னா பேசுற நீ?"

"மாமாதான் சொல்றாரு."

"மாமாவா?"

அவர் கண் என் தோளைத் தாண்டி ஓரத்துக்குப் போனது. திரும்பினேன்.

பக்கத்துத் திரை மறைவில் சுப்புராயன் மாமா நின்றிருந்தார். கையில் டீ டம்ளர். கால் மரத்துப் போய் வெளியே வந்திருக்கிறார். அவர் திரும்புவதற்குள் திரை ஏறிவிட்டது. டார்ச் அவர் கக்கத்தில் இருந்தது.

என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

நான் இல்லை என்று.

பாவாடை இழுபட்டது.

இந்த முறை விடவில்லை...

விரல்கள்.

கணுக்காலில்.

கத்திக்கொண்டு எழுந்தேன். நாற்காலி சாய்ந்தது. யாரோ திரையை இறக்கினார்கள். வெளியே கைதட்டல் நிற்கவே இல்லை.

மாமா துணியைத் தூக்கினார். உள்ளே யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. என் பாவாடை ஓரமும் காய்ந்துதான் இருந்தது.

முதலாளியம்மா மேடைக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "அந்தக் கடைசி சீன் ரொம்ப நேச்சுரல்!"

"கடைசி நிமிஷத்துல நான் சேர்த்தது மேடம்" என்றார் பிராங்கிளின் அண்ணன், தொண்டையைச் செருமி.

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். "நா யாராண்டயும் அப்படிச் சொல்லல கீர்த்தி. அந்தோணியார் மேல சத்தியம்." அவர் கண் கலங்கியிருந்தது. ரமாபாய் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் எங்கள் நாடகக் குரூப்பில் சபா நாடகத்தின் நோட்டீஸ் வந்தது.

சீமாட்டி: ரமாபாய்.

யார்டில் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரில் போய் நின்றேன். "இன்னாடி இது?"

போனை நீட்டினாள். பிராங்கிளின் அண்ணன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். நாடகத்தன்றைக்கே வந்தது. நேரத்தைப் பார்த்தேன். இரவு பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். அதாவது என்னிடம் சத்தியம் செய்து, நாங்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு.

"ரமா, சபாவுல நீதான் சீமாட்டி. கீர்த்தி பேச்சு காசிமேட்டுக்கு சிரிப்பு. அங்க கலீஜு. அவளாண்ட சொல்லாத."

ஒரு சொல் மாறவில்லை.

"மேடைல நீ பேசறச்ச அவர் இத்த சொல்லவே இல்லடி. அப்பால தான் சொன்னாரு" என்றாள் ரமாபாய்.

"நீ இன்னா சொன்ன?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"யோசிக்கவே இல்லடி. 'சரிண்ணா, அவளாண்ட சொல்லல'ன்னு அனுப்பிட்டேன். எப்டி அனுப்புனேன்னே தெரியல."

வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டேன்.

அண்ணனின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால்... ஒரு மூச்சு. அதற்கு அடியில், மிகவும் சன்னமாக, அதே வாக்கியம். அது முதலில் சொன்னது. அப்புறம் அவர் சொன்னார். அது சொன்னது. அவர் சொன்னார்.

அவர் பேசி முடித்த பிறகும் மெசேஜ் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தை ரமாபாய் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம், வாயில் தண்ணீர் வைத்த அந்தக் குரல், பொறுமையாக...

"சரிண்ணா. அவளாண்ட சொல்லல."