மூன்று மணிச் சண்டை

எங்கள் மாவு மில்லில் இரண்டு மிஷின்கள். தெருப்பக்க ஜன்னலை ஒட்டி இருப்பதை வெள்ளை மிஷின் என்போம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, சத்துமாவு எல்லாம் அதில்தான். உள்ளே தள்ளி இருப்பது சிவப்பு மிஷின். அதில் மிளகாய், மல்லி, மஞ்சள். இரண்டுக்கும் அடித்திருக்கும் பெயின்ட் என்னவோ ஒரே பச்சை. அரைக்கிற சரக்கை வைத்து வந்த பெயர்கள் அவை. மில்லில் எது மாறினாலும் இது மட்டும் மாறக் கூடாது. மிளகாய் அரைத்த மிஷினில் கோதுமையைக் கொட்டிவிட்டால், அன்று ராத்திரி சப்பாத்தி தின்ற குடும்பம் மொத்தமும் மறுநாள் காலையில் வாசலில் நிற்கும்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது மில். ரொம்ப வருஷம் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்தே பார்த்துக்கொண்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நிற்பார், நான் வீட்டில் கொஞ்சம் முதுகைச் சாய்ப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு ஷிப்ட் வேலை கிடைத்த பிறகு மதியமும் என் தலையில் விழுந்தது. வேலை கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் சாய்ந்து பழகிய முதுகுக்கு அது புரியவில்லை.

அவ்வளவு இரைச்சலில் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்பவர்கள் மில்லில் நின்று பார்க்காதவர்கள். ஏற்ற இறக்கமில்லாமல் ஓடும் மோட்டார் சத்தத்தைப் போலத் தூங்க வைப்பது வேறு எதுவும் இல்லை. மிளகாய் நெடி எழுப்பிவிடாதா என்பார்கள். எங்கள் மூக்கு அதையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வரிசையாகத் தும்முவார்கள். நான் நடுவில் நின்று கொட்டாவி விடுவேன்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். சோற்றைக் குறைத்தேன், தூக்கத்தோடு பசியும் சேர்ந்து வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட டீ குடித்தேன். முகத்தைக் கழுவிவிட்டு மிஷின் பக்கம் வந்தால் ஈரத்தில் மாவு அப்பிக்கொண்டு கூத்துக்கு வேஷம் கட்டியவளாகி விடுவேன். என் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு ஒருவர், மதியம் சோர்வு வராமல் இருக்க நாலு பாதாம் தின்னுங்கள், சின்ன நடை போங்கள், முடிந்தால் குட்டித் தூக்கம் போடுங்கள் என்று அன்பாகச் சொன்னார். நல்ல மனுஷர். அவர் வாசலில் யாரும் டப்பாவைத் தட்டிக்கொண்டு, "யக்கா, என்னுது ஆச்சா?" என்று கேட்பதில்லை போலிருக்கிறது.

சரி, மதியத்தில் மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றால், பெண்கள் வருவதே அப்போதுதான். வீட்டுச் சாப்பாட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் அரைத்துக்கொண்டு ஓட வேண்டும் அவர்களுக்கு. ஷட்டர் இறங்கியிருந்தால் இரண்டு முறை பார்ப்பார்கள். மூன்றாம் முறை மெயின் ரோட்டுப் புது மில்லுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் பாக்கெட் மாவு வாங்கிக்கொள்வார்கள்.

அப்படி ஒரு மதியம், பக்கத்து பிளாட்ஸிலிருந்து ஒரு பெண் சத்துமாவுச் சாமானோடு வந்தாள். தேனிப் பக்கத்துக்காரி. இடுப்பில் பல் முளைக்காத குழந்தை. "அம்மா ஊர்ல இருந்து வறுத்துக் குடுத்து விட்டாங்கக்கா. பாப்பாவுக்கு மொத மொதல்ல குடுக்கப் போறேன். நைஸா அரைச்சு வைங்க, பால் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் ஒரு வீட்டு மிளகாயை முடித்திருந்தேன். சிவப்பு மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் விழித்திருக்கவில்லை. டப்பாவைத் தூக்கி, மூடியைக் கழற்றி, சிவப்பு மிஷினின் வாய்க்கு மேலே சாய்க்கத் தொடங்கினேன்.

"யக்கா, அது செவப்பு மிஷினு."

தெருவிலிருந்து குரல். எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், தேய்த்த துணி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றிருந்தார். டப்பாவை நிமிர்த்திவிட்டேன். ஒரு மணிகூட உள்ளே விழவில்லை. அவர் துணியைக் கொடுக்கப் போய்விட்டார். அந்தப் பெண் வந்து, வெள்ளை மிஷினில் அரைத்து வைத்திருந்த மாவை விரலால் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனாள். குழந்தையும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நாக்கில் மிளகாய் பட்டிருந்தால் என்ற நினைப்பு நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இனிமே மதியத்துல மூடிடலாம்" என்றேன். அவர் யோசித்தார். மதியத்தை மூடினால் மில்லையே மூடின மாதிரிதான் என்பது இருவருக்கும் தெரியும். "ஆயுத பூஜை வரிக்கும் பாரு. முடியலன்னா வுட்ரு, மிஷின குடுத்துடலாம்" என்றார். சரி என்றேன். மாமனார் காலத்து மிஷின்கள். சரி என்று சொன்ன வாய் கசந்தது.

அந்த வாரத்திலேயே இஸ்திரிக்காரர் சண்டையை ஆரம்பித்தார்.

மூன்று மணி வாக்கில், எனக்குக் கண் சொருகுகிற நேரம் பார்த்து, ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தோளில் மாவு.

"இன்னாக்கா இது? தேச்சி மடிச்சி வெச்ச சட்டக்கா. உன் மில்லு மாவு அத்தினியும் இதும் மேலதான் கீது. நான் அவுங்க ஊட்டுக்கு இன்னா பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது எங்கள் தெருவுக்கே தெரியும். "மாவு மில்லாண்ட மாவு பறக்காம மல்லியப்பூவா பறக்கும்? உன் வண்டிய தள்ளி போட்டுகினு போயேன்" என்றேன்.

"நான் இன்னாத்துக்குப் போணும்? மரம் உன்னுதா?"

"காத்து என்னுதா?"

இப்படியே போகும். நிற்கிற பெண்கள் தும்மலுக்கு நடுவே ரசித்துக்கொண்டிருப்பார்கள். அவர் போன பிறகும் எனக்குள் கொதித்துக்கொண்டே இருக்கும். இப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று மனசுக்குள் பதில்களைத் தயார் செய்துகொண்டே அரைப்பேன். அந்த வேகத்தில் மாலை ஆகிவிடும். மறுநாள் அதே நேரம், அதே சட்டை, அதே சண்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை.

தூக்கம் போய்விட்டதை நான் கவனித்தேன். இஞ்சி டீயின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சிபாரிசு வேறு செய்தேன்.

பிறகு ஒரு நாள் மூன்று மணிக்குக் கரன்ட் போய்விட்டது. மோட்டார்கள் நின்று மில் இருட்டாகிவிட, சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. எனக்குத் தெரு பளிச்சென்று தெரிந்தது. இஸ்திரிக்காரர் வண்டிக்கு அடியிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தார். ஒரு பொட்டு மாவு இல்லை அதில். தெருவைக் கடந்து எங்கள் ஜன்னலுக்கு வந்தார். ஜன்னல் விளிம்பில் எப்போதும் மாவு படிந்திருக்கும். அதை உள்ளங்கையால் வழித்துச் சட்டையின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். சரியாகப் படிந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தார். அப்புறம் முகத்தைக் கடுகடுவென்று மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இன்னாக்கா இது?"

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். தூங்கு மூஞ்சிப் பிள்ளையை எழுப்புவது போல என்னை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார், இத்தனை நாளும். அந்தக் கோபம் பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அன்று அந்த டப்பாவைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். ஊருக்குச் சொல்லியிருக்கலாம். எனக்குப் புத்தி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்த ஜென்மத்தில் அவரோடு பேசியிருக்க மாட்டேன். எனக்கு எது வேலை செய்யும் என்று பார்த்து, அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

இருட்டில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "கரன்ட்டே இல்ல, மிஷினே ஓடல. எங்கிருந்துய்யா வந்துச்சு மாவு?" என்றேன்.

அவர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது காலையில பறந்ததுக்கா" என்றார்.

"காலையில பறந்தா காலையில வரத்துக்கு இன்னா?" என்று பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நடந்ததுதான் எங்கள் சண்டைகளிலேயே பெரியது.

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டோம். "இன்னா முடிவு பண்ண?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "மில்லு ஓடும்" என்றேன்.

தெருக்காரர்களுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தபோது இஸ்திரிக்காரர் மனைவியோடு வந்தார். அவர் உடம்பில் அந்த வெள்ளைச் சட்டை. யார் வீட்டு ஆபீஸ் சட்டையோ என்று நான் நினைத்திருந்தது அவருடைய சட்டை. நாள் கிழமைக்கு என்று வைத்திருக்கும் ஒன்று.

அவர் பூஜை பக்கம் போனதும் அந்த அம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார். "இந்த ஒரு சட்டய தெனம் தோச்சி தோச்சே என் கை போச்சிக்கா. தெனத்துக்கும் மாவோட வந்து நிக்கிறாரு. கேட்டா, மில்லாண்ட வேலங்கிறாரு. போன வாரம் மஞ்சக்கற வேற. எத்தினி தோச்சும் போவல." காலரைப் பார்த்தேன். மஞ்சள் தெரிந்தது. ஒரு கை பொரிக்குப் பதிலாக இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் வந்தார். நானும் விடவில்லை. இப்போதும் தினமும் வருகிறார், தினமும் கத்துகிறேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சண்டை நின்றுவிடும், தூக்கம் திரும்பிவிடும்.

காலையில் மில் முழுவதையும் பெருக்கித் துடைப்பேன், அந்த ஜன்னல் விளிம்பைத் தவிர. மஞ்சள் அரைத்த நாளில் மட்டும், மூன்று மணிக்கு முன்னால் அதை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு பிடி அரிசி மாவைத் தூவி வைக்கிறேன். அரிசி மாவு என்றால் உதறினாலே போய்விடும்.