குதிரை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது

போன வருடம் மகள் சென்ற கோடைமுகாம் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்குப் பக்கத்தில். அங்கே குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர், கனடாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஈழத்துப் பெண். சேறு அப்பிய பூட்ஸ். யாரோடு பேசினாலும் ஒரு கை குதிரையின் கழுத்தில் இருக்கும்.

கடைசி நாள், பிள்ளைகள் பெற்றோரைக் குதிரையில் ஏற்றி, கயிறு பிடித்து ஒரு சுற்று அழைத்துப்போவார்கள். நான் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, கண்ணைத் திறவுங்கோ. குதிரை இன்னும் நிக்குது" என்றார் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர்.

"அப்போ இறங்க இதுதாம்மா நல்ல நேரம்."

மகளின் முகம் வாடியது. அவர் சிரிக்காமல் இறக்கிவிட்டார். "அடுத்த வருசம் வாங்கோ. நான் பக்கத்தில நடந்து வாறன்."

இந்த வருடம் போனேன். அவர் கனடாவுக்கே திரும்பிவிட்டாராம். மகள் கயிறு பிடிக்க, கண்ணைத் திறந்தபடியே முழுச் சுற்றும் வந்தேன். இறங்கி, குதிரையின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கு இது தெரியப்போவதில்லை.