தேத்தண்ணியும் சாப்பாடுதான்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சிவசக்தியைப் போல் விரைவாகக் கொழுந்து பறிப்பவர்கள் பலர் உண்டு. அவளைப் போல் தன் பிழையை நாலு பேர் முன்னிலையில் சொல்லிச் சிரிப்பவர்கள்தாம் அரிது.

இளைய மகள் வயிற்றிலிருந்தபோது அவளுக்கு இரத்தத்தில் சீனி கூடிற்று. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது. "புள்ளையோட வந்தது புள்ளையோட போயிருச்சு" என்று தொழிலாளர் குடியிருப்பான லயமே தீர்ப்புச் சொன்னது. சிவசக்திக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. அக்கா ரெங்கம்மாவுக்கும் இப்படித்தான் வந்து போனது என்றார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா ஆறாத புண்ணால் பாதத்தில் பாதியை இழந்தபோதுதான், போனதாக நினைத்தது உள்ளேயே இருந்தது தெரியவந்தது. அக்கா போன வழியில்தான் தானும் போகிறோமா என்பதை அறியாமல் அவளால் இருக்க முடியவில்லை.

மகளுக்கு ஒரு வயது கடந்ததும் தோட்டத்துப் பெண்களை ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள்.

"நாள் முழுக்க மலை ஏறி எறங்குற ஒடம்புல சீனி எங்கடி நிக்கும்?" என்று கணவன் கிருஷ்ணராஜ் கேலி செய்தான்.

"அக்காவும் மலை ஏறுனவதாங்க."

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ரொட்டியைத் தொடாமலே பஸ் ஏறினாள். விரல் நுனியில் இரத்தம் எடுத்த தாதி ஹம்ஸியா, கருவியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"காலையில ஒண்டும் சாப்பிடல்லயா?"

"இல்லீங்க மிஸ்."

"அப்ப கூடுதலாத்தான் ஈக்கிது."

சிவசக்தி வெளியே வந்தாள். வாங்கில் உட்கார்ந்தவளிடம் பக்கத்து லயத்து விஜயலெட்சுமி, "ஒன் போத்தல்ல தேத்தண்ணி மிச்சம் இருக்கா சக்தி?" என்று கேட்டாள். சிவசக்தி போத்தலை எடுத்துப் பார்த்தாள், பாதிதான் இருந்தது; மீதியை வழியில் அவளே குடித்திருந்தாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணி குடிப்பது லயத்தில் முகம் கழுவுவதைப் போன்றது. அதை எவரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அவள் எழுந்து நேரே உள்ளே போனாள்.

"மிஸ், நான் தேத்தண்ணி குடிச்சிட்டேங்க."

"சீனி போட்டா?"

"சீனி போடாம யாருங்க குடிப்பா?"

ஹம்ஸியா வாய்விட்டுச் சிரித்தாள். "அல்லாஹ்வே! காலையிலயிருந்து எல்லாருக்கும் கூடுதலா வருது. நான் மெசின் பழுதெண்டு நெனச்சன்!"

பிறகு கையிலிருந்து இன்னொரு முறை இரத்தம் எடுத்தாள். "இதத் தேத்தண்ணியால ஏமாத்த ஏலாது. போன மூணு மாசத்துக் கதய இந்த இரத்தம் சொல்லும்."

அது சொன்ன கதை நடுவாந்திரமானது: நோய் இன்னும் வரவில்லை, ஆனால் எல்லையை நெருங்கிவிட்டது.

"அப்ப ஒண்ணுமில்லதானே?" என்றான் கிருஷ்ணராஜ்.

"வரப்போவுதுன்னு முன்னாடியே சொல்லியிருக்குங்க. அக்காவுக்கு யாரும் சொல்லல."

அன்றே அவள் தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினாள். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் பருப்பையும் கூட்டிக்கொண்டாள். "சக்தி தண்ணி கசக்கும், பேச்சுதான் இனிக்கும்" என்று மலையில் பெண்கள் சீண்டினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்; சீனியை மட்டும் மறுபடி தொடவில்லை.

அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்கு முந்தின நாள், பெரட்டில் கணக்கப்பிள்ளை பாக்கியநாதன் வேலை பிரிக்கத் தொடங்குமுன் அவள் குரல் கொடுத்தாள்.

"நாளைக்கு ரெத்தம் குடுக்கப் போறவங்க கேட்டுக்கங்க! தேத்தண்ணியும் சாப்பாடுதான்! போன வருசம் நான் குடிச்சிட்டுப் போயி முழிச்ச மாதிரி நீங்களும் முழிக்காதீங்க."

"அப்ப நான் விடியுறதுக்குள்ள ரெண்டு தரம் சாப்பிடுறேனா?" என்றார் பாக்கியநாதன்.

"வயித்தப் பாத்தாலே தெரியுதுங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரட்டே சிரித்தது.

மறுநாள் பஸ்ஸில் எல்லாருடைய போத்தல்களும் சிவசக்தியின் பையில் இருந்தன. இரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கே அவரவர் போத்தல் கிடைத்தது.

முடிவு வந்த அன்று அவள் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"கொறைஞ்சிருக்குக்கா. எல்லைக்கு இந்தப் பக்கந்தான் இருக்கேன்."

"அடுத்த வருசமும் போடி" என்றாள் ரெங்கம்மா.