இடப்பக்கமே கோணிய பிரேம்கள்

சைக்கிள் தொழிற்சாலையில் என் அத்தையின் கண்ணுக்குத் தப்பி ஒரு பிரேமும் வெளியே போனதில்லை. எஃகுக் குழாய்களை மூட்டுகளில் செருகி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்ததும் பிரேம் அவள் மேசைக்கு வரும். பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையிலிருந்து முன்கழுத்தைச் சுற்றி மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டுவாள். நூலுக்கும் நடுக்குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு, பற்றவைத்தவர் முன்னால் போய் நிற்பாள்.

பற்றவைப்பவர்களில் ஒருவருடைய பிரேம்கள் மட்டும் திடீரென்று வரிசையாகக் கோணின. இன்னொன்று கோணினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவதாக மேஸ்திரி மிரட்டினார். மறுநாளும் ஒன்று கோணியது. அத்தை மேஸ்திரியிடம் போகவில்லை, பற்றவைத்தவரிடமே போனாள்.

"கை தவறினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கோணும். உங்களுது எல்லாமே ஒரே அளவு, ஒரே பக்கம். வேணும்னேதானே பண்றீங்க?"

அவர் முகத்தில் அசடு வழிந்தது. "நேரா இருந்தா நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்களே."

"ஏம்மா, என்னுதும் கொஞ்சம் கோணல்தான்!" என்றார் பக்கத்து மேசைக் கிழவர்.

அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேலை போயிட்டா நான் எங்க வந்து பாக்கறது? ஒழுங்கா பண்ணுங்க. சரியா இருக்குன்னு சொல்லவும் வருவேன்."

அதன்பின் அவர் பிரேம் ஒன்றுகூட மயிரிழை விலகவில்லை. ஒவ்வொன்றுக்கும் போய்ச் சொல்லிச் சொல்லி அத்தைக்குக் கால் ஓய்ந்தது.

"இந்த நடைக்குக் கல்யாணமே பண்ணிக்கலாம்" என்றாள் ஒருநாள். "கால்வலியாவது குறையும்."

அப்படித்தான் அவர் எனக்கு மாமாவானார்.